தப்பாகப் பதில் சொன்ன ஊர்

டெல்பின் மேரியை அடைக்கலத்துறைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து, ஏழாம் நாள் பூசையும் முடிந்து, வந்தவர்களெல்லாம் கட்டன்சாயா குடித்துவிட்டுக் கலைந்துபோன பிறகு, அவள் புருஷன் கிளீட்டஸ், சாப்பாட்டு மேசையில் துண்டு போட்டு மூடிக் கிடந்த கம்ப்யூட்டரை, இனி இது யாருக்கு, கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பில் திறந்தான். திரையில் அவள் ஒரு ரொட்டிக்கடை வாசலில் மஞ்சள் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.

அவள் தனக்கென்று செய்து வைத்திருந்த பொம்மை அது என்றுதான் அவன் முதலில் நினைத்தான். பொம்மை இரண்டு கையையும் கோட்டின் பக்கவாட்டில் துடைத்தது. மீன் கழுவிவிட்டு எழும்போது நைட்டியில் கை துடைப்பாளே, முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை, அதே துடைப்பு. அப்புறம் அவள் அவன் இருந்த பக்கமாகத் திரும்பி, அவனைப் பார்த்தாள்.

டெல்பின் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். குளிர்தேசம் ஒன்றுக்கு வேலைக்குப் போகவேண்டும், போவதற்கு முன்னால் இங்கிலீஷில் பேசிக்காட்டுகிற பரீட்சை ஒன்றில் தேறவேண்டும், புத்தகத்தில் படித்த இங்கிலீஷ் வாயில் வரமாட்டேன் என்கிறது என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்கிற ஒருத்திதான் இந்த ஊரைச் சொல்லிக்கொடுத்தாள். இன்டர்நெட்டுக்குள் கட்டி வைத்த ஊர். எல்லா தேசத்துக்காரர்களும் ஆளுக்கொரு உருவம் எடுத்துக்கொண்டு அதற்குள் நடந்து, ரொட்டி வாங்கி, வழி கேட்டு, டாக்டரிடம் காய்ச்சல் சொல்லி, பேசிப் பேசியே இங்கிலீஷ் படிக்கிற ஊர். அங்கே வேறு பாஷை செல்லாது. தமிழில் தொண்டை கிழியக் கத்தினாலும் எதிரில் நிற்கிறவருக்குக் காற்றுகூடப் போய்ச் சேராது. டியூட்டி முடிந்து வந்த மத்தியானங்களில் டெல்பின் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஊருக்குள் இறங்கிவிடுவாள். கடற்கரையில் அவுட்போர்டு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிற கிளீட்டஸ் சோறு தின்ன வருகிறபோது, அவள் யாரோ ஒருவரிடம் தபாலாபீஸுக்கு வழி கேட்டுக்கொண்டிருப்பாள். அதைக் கேட்டபடியே தானே போட்டுத் தின்றுவிட்டுப் போவான். பரீட்சைக்குச் சில நாட்களே இருக்கும்போது காய்ச்சல் வந்தது. கடைசியில் தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் அவளால் பேச முடியவில்லை. கையை ஒரு பக்கமாகக் காட்டிக் காட்டி எதையோ சொன்னாள். கிளீட்டஸுக்கு அது புரியவில்லை. புரியவைக்காமலேயே அவள் போய்விட்டாள்.

"டெல்பினே," என்றான் கிளீட்டஸ் இப்போது, ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு. "டெல்பினே, எனக்க சத்தம் கேக்கா?"

அவள் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையை அசைத்தாள். பிறகு, ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன அவனுக்குக்கூட அடுக்களையில் நின்று கேட்டுக் கேட்டு அர்த்தம் தெரிந்துவிட்ட ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைச் சொன்னாள். "மதிய வணக்கம். நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?"

கிளீட்டஸ் கம்ப்யூட்டரை மூடினான். துண்டைப் போட்டான். முந்தின நாள் குழம்பைச் சூடாக்கிச் சோறு தின்றான். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் ஃபாதர் அமலனைப் போய்ப் பார்த்தான்.

"ஃபாதர், டெல்பின் கம்ப்யூட்டருக்குள்ள நிக்கா."

"எப்படி நிக்கா?"

"கோட்டுப் போட்டுட்டு நிக்கா."

"அழுதாளா?"

"இல்ல ஃபாதர். என்ன உதவி வேணும்னு கேட்டா."

ஃபாதர் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அப்போ மோசமான இடத்துல இல்ல," என்றார். அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்து அவரும் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் டெல்பினோடு கொஞ்சநேரம் பேசினார். ரொட்டியின் விலை, அன்றைய வானிலை, பக்கத்துத் தெருவில் இருக்கும் மருந்துக்கடை ஆகியவற்றைப் பற்றி அவள் நன்றாகவே பேசினாள். மற்றதைப் பற்றிக் கேட்டபோது, மன்னிக்கவும், அந்தப் பாடம் இந்தத் தெருவில் இல்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ஃபாதர், இது மோட்சமும் இல்லை நரகமும் இல்லை, ஆகவே உத்தரிக்கிற ஸ்தலமாகத்தான் இருக்கவேண்டும் என்றார். ஊர்க் கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸ் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, "உத்தரிக்கிற ஸ்தலத்துல என்னத்துக்கு ஃபாதர் இங்கிலீஷு? மோட்சத்துச் சாவி வச்சிருக்க ராயப்பருக்குத் தமிழ் தெரியாதாக்கும்?" என்று கேட்க, கோயில் முழுக்கச் சிரித்தது.

"ராயப்பர் மீன் பிடிச்ச ஆளு," என்றார் ஃபாதர். "அவரும் முதல்ல ஒரு பாஷைதான் பேசியிருப்பார். அப்புறம் படிச்சாருல்லா?"

அதற்குமேல் யாரும் ஏன் அங்கே, ஏன் இங்கிலீஷில் என்று கேட்கவில்லை. கடல் எடுத்த ஆளை எந்தக் கரையில் ஒதுக்கும் என்று கடலிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, ஒதுக்கிய இடத்துக்குப் போய்த் தூக்கிவர வேண்டும் என்பதுதான் அந்தக் கரையின் பழக்கம்.

அப்படித் தேடிவந்த முதல் ஆள் ஃபிலோமி. அவள் புருஷன் ததேயு, கிளீட்டஸுக்கு அண்ணன் முறை, ஒரு புயலில் வள்ளத்தோடு போய்த் திரும்பி வராதவன். உடல் கிடைக்கவில்லை. உடலைக் காட்டாமல் செத்த பூசை வைக்கவிடமாட்டேன் என்று ஃபிலோமி ஒற்றைக்காலில் நின்று, இன்னும் தாலியோடுதான் மீன்சந்தைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். "கொழுந்தா, சும்மா பாக்கேன். எனக்க ஆளு அங்க இருக்க மாட்டாரு. இருந்தாத்தானே பிரச்சினை, இல்லாட்டா சந்தோஷம்தானே," என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். சந்தைத் தெருவின் பழக்கடைக்கு முன்னால் ததேயு நின்றிருந்தான். ஆயுசில் ஒரு ஆப்பிள் வாங்காதவன், கையில் ஒரு ஆப்பிளை வைத்துக்கொண்டு, இது என்ன விலை என்று கடைக்காரனைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஃபிலோமி கத்தினாள். அவன் பெயரைச் சொல்லி, அவன் அம்மாவின் பெயரைச் சொல்லி, இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சொல்லிக் கத்தினாள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான், காதைத் தொட்டுக் காட்டினான். கிளீட்டஸ் தனக்குத் தெரிந்த கடைத்தெரு வாக்கியத்தை அவள் காதில் சொல்லிக்கொடுக்க, அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு அதைத் திருப்பிச் சொன்னாள். "இது என்ன விலை?" ததேயு விலையைச் சொன்னான். "விலை மிகவும் அதிகம்," என்று சொல்லிக்கொடுத்தான் கிளீட்டஸ். "விலை மிகவும் அதிகம்," என்றாள் ஃபிலோமி, "விலை மிகவும் அதிகம், விலை மிகவும் அதிகம்," என்று மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த வாரம் ததேயுவுக்குச் செத்த பூசை வைத்தார்கள்.

அதன்பிறகு ஊர் தாங்கவில்லை. புயலில் போனவர்கள், புற்றுநோயில் போனவர்கள், பிரசவத்தில் போனவர்கள், தண்ணியடித்துப் பாறையில் விழுந்து போனவர்கள் எல்லாரும் அந்த ஊரின் தெருக்களில் கோட்டும் தொப்பியுமாக நடந்துகொண்டிருந்தார்கள். மீன் விற்றதில் கோயிலுக்கென்று எடுத்துவைக்கிற தெறிப்பு என்ற பங்கிலிருந்து கமிட்டி கம்ப்யூட்டர்கள் வாங்கிப் பங்கு மண்டபத்தில் வரிசையாக வைத்தது. தெருவுக்குத் தெரு ஜெபம் சொல்லக் கூடுகிற அன்பியக் கூட்டங்களுக்கு முறை வைத்துக் கொடுத்தார்கள். கோயில் மைக்கில், "புனித அந்தோணியார் அன்பியத்துக்காரர்கள் தங்கள் மரித்தவர்களைச் சந்திக்க மண்டபத்துக்கு வரவும்," என்று அறிவிப்பார்கள். ஜெபமாலை சொன்ன வாய்கள் அதே ராகத்தில், வலதுபக்கம் திரும்பவும், நேராகச் செல்லவும், வங்கிக்கு அடுத்ததாக உள்ளது என்று மனப்பாடம் செய்தன. செத்தவர்களுக்கு அந்தந்தத் தெருவின் பாடம் மட்டும்தான் வரும், அதனால் உயிரோடு இருப்பவர்கள் தங்கள் பாடுகளையெல்லாம் அந்தப் பாடத்துக்குள்தான் சொல்லவேண்டியிருந்தது. மகனைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி, டாக்டர் தெருவில் அவனுக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்கு இங்கே வலிக்கிறது, எனக்கு இங்கேயும் வலிக்கிறது என்று உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை தொட்டுத் தொட்டுச் சொன்னாள். அவன், ஒரு நாளைக்கு மூன்று வேளை, உணவுக்குப் பின் என்றான். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

மீன்சந்தையில் வெளியூர் வியாபாரிகளிடம் அடைக்கலத்துறைப் பெண்கள், நான் உங்களுக்கு எப்படி உதவட்டும் என்று கேட்டார்கள். இன்டர்நெட் ஊருக்குள் இங்கிலீஷ் படிக்க வந்த பிரேசில் தேசத்துக்காரி ஒருத்தி, ததேயு செத்தவன் என்று தெரியாமலேயே அவனோடு பேசிப் பழகி, இவ்வளவு பொறுமையான ஆளைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். "இங்க இருந்தப்போ பொறுமையா? ரசத்துல உப்பு கம்மின்னு சட்டியைத் தூக்கி எறிஞ்ச மனுஷன்," என்றாள் ஃபிலோமி. ஆனாலும் அன்று முழுக்க அவள் முகம் மலர்ந்திருந்தது.

கிளீட்டஸ் மண்டபத்துக்குப் போவதில்லை. தன் சாப்பாட்டு மேசையிலேயே, மத்தியானம் கடையை மூடிவிட்டு வந்து உட்காருவான். டெல்பின் எல்லாரையும்விட வேகம். அவன் சந்தைத் தெருவைக் கற்று முடிப்பதற்குள் அவள் தபாலாபீஸ் தெருவுக்குப் போய்விட்டாள், அவன் தபாலாபீஸுக்கு வருவதற்குள் வாடகை வீடு தேடுகிற தெருவுக்குப் போய்விட்டாள், கிரீஸ் படிந்த விரல்களால் அவன் அவளைத் தெருத்தெருவாகத் துரத்திக்கொண்டு போனான். அவனுக்கு ஒன்று கேட்கவேண்டியிருந்தது. அதைக் கேட்பதற்கான சொற்கள் ஆஸ்பத்திரித் தெருவில் இருந்தன. அங்கே அவளை எட்டிப் பிடித்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில் நீங்கள் கையால் எதைக் காட்டினீர்கள்?" என்று ஒவ்வொரு சொல்லாக அடுக்கிக் கேட்டான்.

டெல்பின் யோசித்தாள். "பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு டிரிப் முடிந்துவிட்டது," என்றாள். "நர்ஸைக் கூப்பிடச் சொன்னேன்."

கிளீட்டஸ் சிரித்தான். என்னென்னவோ நினைத்து வைத்திருந்தான், பிள்ளை இல்லாத வீட்டில் தன்னைத் தனியே விட்டுப் போவதைப் பற்றி ஏதோ சொன்னாள் என்று நினைத்திருந்தான். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்கள் தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டும்," என்றாள் டெல்பின்.

கடைசித் தெருவின் முடிவில் ஒரு விமான நிலையம் இருந்தது. ஏர்போர்ட்டுப் பாடம் என்று ஊரில் அதைச் சொன்னார்கள். அதில் ஒருவர் அதிகாரியாகக் கவுன்டருக்குப் பின்னால் உட்காரவேண்டும், ஒருவர் பெட்டியோடு பயணியாக முன்னால் நிற்கவேண்டும். அதிகாரி பெயரைக் கேட்பார், எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்று கேட்பார், கடைசியாக, நீங்கள் தனியாகப் பயணம் செய்கிறீர்களா என்று கேட்பார். ஆம், தனியாகத்தான் என்று பயணி சொன்னதும், எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் பயணம் இனிதாக அமையட்டும் என்று அதிகாரி சொல்லவேண்டும்.

டெல்பின் ஆஸ்பத்திரித் தெருவிலேயே தங்கிவிட்டதால், அந்தப் பாடத்துக்கு முதலில் வந்து சேர்ந்த செத்தவர், கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுத்த பழைய உபதேசியார் சவரியான். அவர் மகன் அப்பாவின் படிப்பில் பெருமைகொண்டு, கவுன்டருக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாக் கேள்வியும் பிழையில்லாமல் கேட்டு, உங்கள் பயணம் இனிதாக அமையட்டும் என்று சொல்லி முடித்தான். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கதவு திறந்தது. உபதேசியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதற்குள் போனார். கதவு மூடியது. அதற்குப்பிறகு எந்தத் தெருவிலும் அவர் இல்லை. மகன் ஒவ்வொரு தெருவாகத் தேடிப்பார்த்துவிட்டு மண்டபத்துத் தரையில் புரண்டு அழுதான். "ரெண்டாவது தடவை நானே மண்ணள்ளிப் போட்டேனே," என்று அவன் அழுதது கடற்கரைவரை கேட்டது.

அன்று சாயங்காலமே அன்பியங்கள் கூடின. கமிட்டி தீர்மானம் எதுவும் போடவில்லை, ஃபாதர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் மறுநாளிலிருந்து அடைக்கலத்துறையில் ஒருவரும் ஏர்போர்ட்டுப் பாடத்தைச் சரியாக முடிக்கவில்லை. எல்லாக் கேள்வியையும் கேட்பார்கள். தனியாகத்தான் போகிறேன் என்று செத்தவர் சொல்லிவிட்டு நிற்கும்போது, மன்னிக்கவும், தபாலாபீஸ் எங்கே இருக்கிறது என்பார்கள். அல்லது இந்த ஆப்பிள் என்ன விலை என்பார்கள். எங்கேயோ ஒரு மணி அடிக்கும், பாடம் தவறு என்று எழுத்து வரும், செத்தவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நிற்பார். எந்தத் தப்பு யாருக்குச் சுலபமாக வரும் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். நன்றாகத் தப்புச் சொல்லத் தெரியாத மருமகளை, குடும்பத்தைக் காக்கத் தெரியாதவள் என்றார்கள். பெர்க்மான்ஸின் மூத்தமகன் நிஜமான ஏர்போர்ட்டில், தனியாகவா போகிறீர்கள் என்று நிஜமான அதிகாரி கேட்டபோது, வாய் பழகிப்போய், தபாலாபீஸ் எங்கே என்று கேட்டுவிட்டான். அவனைத் தனி அறையில் உட்காரவைத்து விசாரித்து, விமானம் போனபிறகுதான் விட்டார்கள். "பரவால்ல. எனக்க அம்மையைப் பிடிச்சு வச்சிருக்க வாயாக்கும் அது," என்று பெர்க்மான்ஸ் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

டெல்பின் பெட்டியோடு வந்து நின்றபோது கிளீட்டஸும் அதைத்தான் செய்தான். நீங்கள் தனியாகப் பயணம் செய்கிறீர்களா என்ற கேள்விக்கு அவள், ஆம் என்று சொல்ல வாயெடுக்கும்போதே ஆப்பிளின் விலையைக் கேட்டான். அவள் அவனைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போனாள். மத்தியானம் தோறும் வந்தாள், மத்தியானம் தோறும் அவன் தப்பாகச் சொன்னான், சொல்லிவிட்டு நிம்மதியாக எஞ்சின் பார்க்கப் போனான். வரிசை விமான நிலையத்தின் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. நர்ஸ் புத்தி போகாமல் டெல்பின் வரிசையோடு நடந்து, மயங்கியவர்களைப் பெட்டிமேல் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் ஃபிலோமி மூச்சிரைக்கக் கிளீட்டஸின் எஞ்சின் கடைக்கு வந்தாள். "கொழுந்தா, எனக்க ஆளு ஒருமாதிரியா இருக்காரு. வந்து பாரு."

மண்டபத்தில் ததேயு கவுன்டருக்கு முன்னால் நின்றிருந்தான். உங்கள் பெயர் என்ன என்று கிளீட்டஸ் கேட்டான்.

"தபாலாபீஸ்," என்றான் ததேயு.

"நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

"ஆப்பிள்," என்றான் ததேயு, பயந்துபோன முகத்தோடு. வேறு ஏதோ சொல்லவேண்டும் என்று தெரிந்து, அது எது என்று தெரியாமல், பெட்டியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, "ஆப்பிள்," என்றான் மறுபடியும்.

தாங்கள் சரியாகச் சொன்னதற்குத் தப்பான பதிலையே கேட்டுக் கேட்டு, செத்தவர்கள் படித்ததையெல்லாம் இழந்துகொண்டிருந்தார்கள். தமிழ் அவர்களுக்கு முன்பே போய்விட்டது. இப்போது இங்கிலீஷும் போனால் அவர்களிடம் எதுவும் மிச்சமிருக்காது. டாக்டர் தெருவில் வலிக்கு மருந்து சொன்ன மகன் இப்போது வாயைத் திறந்து மூடுகிறான் என்றார்கள். பெர்க்மான்ஸின் அம்மை கண்ணாடிக் கதவுக்கு முகத்தை ஒட்டிக்கொண்டு, எதையும் கேட்காமல் நிற்கிறாள் என்றார்கள். ஆனாலும் ஊர் தப்பைத்தான் சொன்னது. பேசாவிட்டால் என்ன, நிற்கிறார்களே, கண்ணால் பார்க்க முடிகிறதே என்றது.

டெல்பினுக்கு அப்படி ஆகாது, அவள் எல்லாரையும்விட வேகமாகப் படித்தவள் என்று கிளீட்டஸ் நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு மத்தியானம் அவள் கவுன்டருக்கு வந்து, பெட்டியைக் கீழே வைத்து, அவனை நெடுநேரம் பார்த்தாள். "மன்னிக்கவும்," என்றாள். "உங்கள் பெயர் என்ன?"

பயணி கேட்கவேண்டிய கேள்வி இல்லை அது. பாடத்தில் இல்லை. அவள் தெரியாமல்தான் கேட்டாள்.

கிளீட்டஸ் அன்று எஞ்சின் கடையைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. திருநீற்றுப் புதன் வந்து, ஃபாதர் நெற்றியில் சாம்பல் பூசி, மனிதனே நீ மண்ணாயிருக்கிறாய் என்றபோது அவன், "ஃபாதர், சரியாச் சொன்னா அவ போயிருவா. தப்பாச் சொன்னா அவ இல்லாம ஆயிருவா," என்றான். வரிசை நிற்பதால் ஃபாதர் அடுத்தவர் நெற்றிக்குப் போனார். போய்விட்டு, திரும்பிப் பார்த்து, "எனக்கும் அங்கே அம்மா நிக்காங்க கிளீட்டஸ்," என்றார்.

அன்றிலிருந்து தவக்காலம் முழுக்கக் கிளீட்டஸ் அவளுக்குப் பாடம் நடத்தினான். திரையில் தன் உருவத்தின் கையால் அவள் கையைப் பிடித்து வரிசையிலிருந்து விலக்கி, முதல் தெருவுக்குத் திருப்பி அழைத்துப்போனான். ஒருகாலத்தில் அவள் அவனுக்கு முன்னால் ஓடிய தெருக்களில் இப்போது அவன் முன்னால் நடந்தான், அவள் பின்னால் வந்தாள். இது ரொட்டி. இது சாவி. இது சாளரம். என் பெயர் டெல்பின். அவள் கேட்டதற்கெல்லாம் சரியான பதிலைச் சொன்னான், ஒன்றைச் சொல்லிக்கொடுத்ததும் அவள் முகம் தெளிவதைப் பார்ப்பான், தெளிந்ததும் அவள் கதவுக்கு ஒரு அடி பக்கத்தில் போய்விட்டாள் என்பது தெரிந்தும் அடுத்த சொல்லுக்குப் போவான். எல்லாச் சொல்லையும் அவன் கொடுத்துவிட்டான். குடும்பத்தைப் பற்றிய பாடத்தை மட்டும் தாண்டிப்போனான். அம்மா, அப்பா, மனைவி, கணவர் என்று படம் போட்டிருந்த அந்தப் பக்கத்தை அவனால் திறக்க முடியவில்லை.

விஷயம் ஊரில் பரவியது. பெர்க்மான்ஸ் கடற்கரையில் அவனை மறித்தார். "ஏலே கிளீட்டஸ், நீ ஒருத்தன் சரியாச் சொன்னா ஊரு முழுக்கச் சொல்லணும்லா? பேசாம மத்தவங்களை மாதிரி இருந்துட்டுப் போ." கிளீட்டஸ் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு, "நான் யாரையும் சொல்லச் சொல்லலியே அண்ணே," என்றான். ஃபிலோமி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"நீ விட்டுட்டா, எல்லாரும் எனக்க மூஞ்சியைப் பாப்பாங்க. அவன் விட்டான், நீ ஏன் இன்னும் பிடிச்சு வச்சிருக்கன்னு கேப்பாங்க."

"அண்ணனுக்கு அவருக்க பேரு கூடத் தெரியல மைனி."

"எனக்குத் தெரியும்லா? அது போதாதா?" என்றாள் ஃபிலோமி. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு போய்விட்டாள்.

குருத்தோலை ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, காலை வள்ளங்கள் கரைக்கு வந்து மீன் ஏலம் போய்க்கொண்டிருந்த நேரத்தில், கிளீட்டஸ் குளித்து, கல்யாண ஆல்பத்தில் இருப்பதைப் போன்ற வெள்ளைச் சட்டை போட்டு, வீட்டு மேசையை விட்டுப் பங்கு மண்டபத்துக்கு வந்தான். ஒளித்துச் செய்ய அவனுக்கு மனமில்லை. அவன் ஹெட்போனை மாட்டும்போது மண்டபத்தில் மற்ற கம்ப்யூட்டர்களின் முன்னால் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். வாசலில் ஃபிலோமி மீன்கூடையோடு வந்து நின்றாள்.

டெல்பின் மஞ்சள் கோட்டில் வந்து கவுன்டருக்கு முன்னால் பெட்டியை வைத்தாள்.

"உங்கள் பெயர் என்ன?"

"என் பெயர் டெல்பின் மேரி."

"நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

அவள் சொன்னாள். அவன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த ஊரைத்தான் சொன்னாள், போகவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருந்த குளிர்தேசத்தின் பெயர்.

"எதற்காகப் போகிறீர்கள்?"

"வேலைக்காக. நான் ஒரு நர்ஸ்."

அடுத்த கேள்விக்குக் கிளீட்டஸ் வந்தான். தபாலாபீஸ் அவன் நாக்கின் நுனியில் வந்து நின்றது, ஆப்பிள் வந்து நின்றது. மண்டபத்துப் பெண்கள் எல்லாருடைய உதடுகளும் அவனுக்காக அந்தச் சொற்களை அசைத்துக்கொண்டிருந்தன. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"நீங்கள் தனியாகப் பயணம் செய்கிறீர்களா?"

"ஆம்," என்றாள் டெல்பின். "நான் தனியாகப் போகிறேன்."

அதோடு அவள் பங்கு முடிந்தது. ஆனால் அவள் பெட்டியை எடுக்காமல் நின்றாள். அவன் கண்ணைத் திறந்தபோது, கவுன்டரின்மேல் குனிந்து, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கணவருக்கு இங்கே வேலை இருக்கிறது," என்றாள்.

அந்தச் சொல்லை அவன் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

"எல்லாம் சரியாக இருக்கிறது," என்றான் கிளீட்டஸ், ஒவ்வொரு சொல்லாக, ஒன்றும் பிசகாமல். "உங்கள் பயணம் இனிதாக அமையட்டும்."

கண்ணாடிக் கதவு திறந்தது. டெல்பின் பெட்டியைத் தூக்கினாள், கனம் இல்லாத பெட்டியைத் தூக்குகிறவளைப்போல ஒரே தூக்கில் தூக்கிக்கொண்டு, வெளிச்சம் வந்த பக்கமாக நடந்தாள். கதவு மூடியது. மணி அடிக்கவில்லை.

மண்டபத்தில் யாரும் அவனை ஏசவில்லை. யாரும் பக்கத்தில் வந்து தொடவும் இல்லை. அவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தபோது, திரையில் வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்திருந்தது. அடுத்ததாகக் கவுன்டருக்கு முன்னால் ததேயு வந்து, பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பயந்த முகத்தோடு நின்றிருந்தான்.

ஃபிலோமி மீன்கூடையை வாசலிலேயே இறக்கி வைத்தாள். செதில் ஒட்டியிருந்த கையோடு வந்து, கிளீட்டஸ் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டினாள்.

"மொதல்ல என்ன கேக்கணும் கொழுந்தா?"

"பேரு."

"அது அவருக்கு மறந்து போச்சே."

"அங்கேயிருந்துதான் தொடங்கணும் மைனி," என்றான் கிளீட்டஸ்.

அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். உங்கள் பெயர் ததேயு என்று மெதுவாகச் சொன்னாள், அவன் உதடு அசையும்வரை பொறுத்திருந்து, உங்கள் பெயர் ததேயு என்று மறுபடியும் சொன்னாள்.